சேற்றுக்குள் நீந்திய காந்தங்கள்

அந்த வருடம் ஆவணியில், மலைமேல் அரியூர் நாடு என்கிற சிற்றூர்த் தொகுதியில், ஒரே ஒரு வயலுக்கு மட்டும் நடவு நடக்கவில்லை. நாற்று தயாராக நின்றது. தண்ணீருக்குக் குறைவில்லை. சேறு உழுது, பரம்படித்து, நாற்றுக்குக் காத்துக்கொண்டிருந்தது. ஆள்தான் வரவில்லை. அந்த வயலிலிருந்து நான் பாட்டிலில் சேறு எடுத்துப் போனேன் என்பதுதான் காரணம்.

நான் அப்போது மலையில் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் வீடு அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கம். மலைக்குப் போஸ்டிங் என்றதும் அம்மா அழுதாள். மலை வேலை என்றால் தண்டனை என்றுதான் கீழே எல்லோருக்கும் நினைப்பு. நான் சந்தோஷமாகத்தான் ஏறினேன். பள்ளி வேலையோடு கீழே ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக எம்.பில். சேர்ந்திருந்தேன். என் ஆராய்ச்சிக்கு வேண்டியது நல்ல பழைய வயல் சேறு. அது மலைப் பள்ளத்து வயல்களில் கிடைக்கும் மாதிரி வேறெங்கும் கிடைக்காது என்று நம்பினேன்.

நான் தேடியது ஒருவகை பாக்டீரியாவை. காற்று அதிகம் எட்டாத சேற்றில் அது வாழும். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பை எடுத்துத் தன் உடம்புக்குள்ளேயே பொடிப்பொடிக் காந்தக் கற்களாக ஆக்கி, மணி கோத்த மாதிரி வரிசையாக வைத்துக்கொள்ளும். அந்த வரிசை திசைகாட்டி முள்ளைப் போல அதைத் திருப்பிவிடும். வடக்கே தள்ளி இருக்கிற நாடுகளில் பூமியின் காந்தக் கோடு சரிந்து தரைக்குள் இறங்குகிறது. அங்கே வடக்கே நீந்தினால் சேற்றுக்குள் போய்விடலாம், காற்றிலிருந்து தப்பிக்கலாம். நம் பக்கத்திலோ அந்தக் கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. வடக்கே போனாலும் தெற்கே போனாலும் கீழே இறங்க முடியாது. அப்படியென்றால் இந்தச் சேற்றில் இருப்பவற்றுக்குக் காந்தம் எதற்கு? எத்தனை வடக்கே போகும், எத்தனை தெற்கே போகும்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் வேறு இருக்கவில்லை.

பள்ளிக்குக் கீழே உள்ள பள்ளத்து வயல் ஒரு அக்காவுடையது. கணவர் காப்பித் தோட்ட வேலைக்கு வெளியூர் போய்விட்டதால் வயலை அவரேதான் பார்த்துக்கொண்டார். முதல் தடவை நான் போய்க் கேட்டபோது, சேறுதானே, வேண்டியதை எடுத்துக்கோங்க டீச்சர் என்றார். வரப்பில் உட்கார்ந்து நான் செய்வதை வேடிக்கை பார்ப்பார். அகல வாய் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சேறு, மீதி அதே வயலின் தண்ணீர். மூடியை இறுக்கக்கூடாது. குலுக்கவே கூடாது, குலுக்கினால் காற்று கலந்துவிடும். இருட்டு அலமாரியில் சில வாரம் வைத்திருந்து, பிறகு சேற்றுக்குச் சற்று மேலே பாட்டிலின் வெளிப்பக்கம் ஒரு காந்தத்தை ஒட்டினால், கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு உள்பக்கம் மங்கலாக ஒரு புள்ளி சேரும். அந்தப் புள்ளிதான் என் பாக்டீரியா. சொட்டுக் குழாயில் உறிஞ்சி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

சில பாட்டில்களை வயல் ஓரத்திலேயே காந்தம் ஒட்டிப் பார்ப்பேன். அப்படி ஒரு நாள் ஒட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் கொழுந்தனார் வரப்பில் வந்து நின்றார். கணவரின் தம்பி. மலையின் இன்னொரு பக்கம் அலுமினியக் கல் வெட்டிய இடத்தில் சில வருடம் லாரிக்கு லோடு ஏற்றியவர். அவர் என்னைப் பார்க்கவில்லை, காந்தத்தைத்தான் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகுதான் நடவுக்கு ஆள் வராமல் போனது. அங்கே கூலிக்கு ஆள் பிடிக்கிற வழக்கம் கிடையாது. இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல் என்று மாற்றாளாகத்தான் போவார்கள். ஊர் ஒதுங்கிக்கொண்டால் ஒரு வயலை ஒரே ஆள் நட்டு முடிக்க முடியாது.

அக்கா பள்ளிக்கு வந்தபோது நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஏனுங்க டீச்சர், எங்க வயலுக்குள்ள இரும்பு இருக்குதுங்களா?"

"யாரு சொன்னாங்க அக்கா?"

"கொழுந்தனாரு ஊரெல்லாம் சொல்லீட்டாருங்க. அந்தப் பக்கம் கல்லு வெட்டுனப்பவும் இப்படித்தான் மொதல்ல மண்ண எடுத்துட்டுப் போனாங்களாம். அப்பறம் ரோடு வந்துச்சாம், அப்பறம் வேலி போட்டாங்களாம். நான் வயல வித்துட்டேன்னு பேசிக்கறாங்க. அடுத்து அவங்க வயலுந்தான் போவும்னு பயப்படறாங்க. யாரும் எங்கூட்டுப் பக்கம் வர மாட்டேங்கறாங்க."

"நான் வந்து பேசறேன்."

"சீக்கிரம் பேசுங்க. நாத்து முத்திப்போச்சுன்னா தூர் கட்டாது, வெளையாது. வருசம் பூரா சோத்துக்கு அந்த வயலுதானுங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் மேல் சந்தேகமா? மாதச் சம்பளத்தில் பாட்டிலும் காந்தமும் வாங்கி, கால் கடுக்க வரப்பில் நின்றுகொண்டிருக்கிற என் மேலா? அன்றைக்கே ஊர்க்கவுண்டரைப் பார்க்கப் போனேன். ஊர் நியாயம் எதுவானாலும் அவர்தான் பேசித் தீர்ப்பார். ஊர்க்கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் நிதானமாகத் தலையாட்டினார்.

கோயில் முன்னால் உள்ள மைதானத்தில் காலை வெயிலில் கூட்டம் கூடியது. ஆண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். பெண்கள் பலா மரத்தடியில் தள்ளி நின்றார்கள், அக்காவும் அங்கேதான். நான் பள்ளியின் மைக்ரோஸ்கோப்பையும் இரண்டு பாட்டில்களையும் கொண்டு போயிருந்தேன். ஸ்டூலை வைத்து, மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடியை வானத்துப் பக்கம் திருப்பி வெளிச்சம் சரி செய்தேன். 

நான் பேச ஆரம்பிப்பதற்குள் கொழுந்தனார் எழுந்து வந்து ஸ்டூலில் இருந்த என் காந்தத்தை எடுத்தார். குனிந்து தரை மண்ணில் புரட்டினார். தூக்கிக் காட்டினார். காந்தத்தின் இரண்டு முனையிலும் கறுப்பு மணல் மீசை மாதிரி முளைத்திருந்தது.

"பாத்துக்கோங்க. இதுக்குத்தான் மேல வந்துருக்காங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அந்த மலை மண்ணில் இரும்பு மணல் இயல்பாகவே கலந்து கிடக்கிறது. எந்த ஓடைக்கரையில் புரட்டினாலும் ஒட்டும். அது எனக்குத் தெரியும். கூட்டத்தின் முன்னால் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"அது வெறும் மணலுங்க. நான் பாக்கறது உசிருள்ளது. இருங்க, காட்டறேன்" என்று சொல்லி முதல் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை. மண் துகள்கள்தான் கிடந்தன. பள்ளியிலிருந்து வருகிற ஒற்றையடிப் பாதையில் தூக்கி வந்ததில் சேறு கலங்கிவிட்டிருந்தது. இன்னொரு சொட்டு விட்டேன். அதிலும் இல்லை. 

"என்னங்க டீச்சர், உசிரு போயிருச்சுங்களா?" என்று யாரோ கேட்க, சிலர் சிரித்தார்கள். பலா மரத்தடிப் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. நான் தோற்றால் சாயங்காலம் பள்ளிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். அக்காவின் நாற்று நாற்றங்காலிலேயே முற்றும்.

இரண்டாவது பாட்டிலைத் தரையில் வைத்து, காந்தத்தை அவரிடமிருந்து வாங்கித் துடைத்து ஒட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுங்கள் என்றேன். கூட்டம் பொறுத்தது. ஒருவர் வெற்றிலை மடித்தார். கொழுந்தனார் கையைக் கட்டிக்கொண்டு பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.  ரொம்ப நேரம் கழித்து, கண்ணாடிக்கு உள்பக்கம் மங்கலாகப் புள்ளி கட்ட ஆரம்பித்தது. உறிஞ்சினேன். சொட்டு விட்டேன். காந்தத்தை எடுத்துச் சொட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணை வைத்தேன்.

இருந்தன. சொட்டுக்குள் மினுக்மினுக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கூட்டம் சொட்டின் வடக்குக் கரைக்கு, இன்னொரு கூட்டம் தெற்குக் கரைக்கு. எனக்கு வந்த நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"கவுண்டரே, வந்து பாருங்க."

அவர் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். நான் காந்தத்தைத் திருப்பி வைத்தேன். வடக்கே போனவை தெற்கே திரும்பும், தெற்கே போனவை வடக்கே திரும்பும், ஒன்றையொன்று கடந்து போகும். அவர் தலையை எடுக்கவே இல்லை.

"அட, திரும்புதே! அம்புட்டும் திரும்புது. இன்னொருக்காத் திருப்புங்க டீச்சர்."

திருப்பினேன். அவர் எழுந்து எல்லோரையும் பார்த்து, உசிருதானப்பா, டீச்சர் சொன்னது நெசந்தான் என்றார். அதற்குப் பிறகு ஆண்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். சிலருக்குத் தங்கள் இமை மயிர்தான் தெரிந்தது, அதையே பாக்டீரியா என்று நினைத்துக்கொண்டு பெரிதாகத் தலையாட்டினார்கள். கடைசியாகக் கொழுந்தனார் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் நிமிர்ந்து, சண்டைக்காரர் குரலில் இல்லாமல், பள்ளிக்கூடத்துப் பையன் சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"காந்தம் திருப்புனா இதுக ஏன் திரும்புது?"

"உடம்புக்குள்ள சின்னக் காந்தம் இருக்குதுங்க."

"அது எங்கிருந்து வந்துச்சு?"

"அதுகளே செய்யுதுங்க. தண்ணியில கரைஞ்சிருக்கற இரும்ப எடுத்து."

"அப்போ தண்ணியிலயும் இரும்பு இருக்குது."

 இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். எந்தத் தண்ணீரிலும் கொஞ்சம் இரும்பு இருக்கும், உங்கள் ரத்தத்தில்கூட இருக்கிறது, சுரங்கம் தோண்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மூச்சு விடாமல் விளக்கினேன். ஆனால் தொடங்கும்போதே ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆமாமுக்குப் பிறகு நான் சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. உயிரைக் காட்டி ஜெயிக்கலாம் என்று வந்தவள், அவர்கள் பயந்ததற்குச் சாட்சியை நானே கொண்டுவந்து ஸ்டூலில் வைத்திருந்தேன்.

கவுண்டர் நாலு பேரோடு தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"டீச்சரம்மா பொய் சொல்லலை. அத எல்லாரும் கண்ணால பாத்தாச்சு. ஆனா இந்தச் சேறு கீழ போனா, நாலு எடத்துல நாலு பேரு பாப்பாங்க. எந்த ஊரு, எந்த வயலுன்னு கேப்பாங்க. கேக்கறவன் எல்லாரும் உங்கள மாதிரி இருக்க மாட்டான். எடுத்த சேறு அம்புட்டும் அந்த வயலுக்கே திரும்பட்டும். இனிமேட்டு எடுக்கப்படாது. திரும்புன பொறகு நடவு நடலாம்."

 அது அநியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர்கள் பயந்ததில் தப்பில்லை என்றும் நினைக்கிறேன்.

பள்ளி அலமாரியில் இருந்தவற்றை உடனே கொடுத்துவிடலாம். ஆனால் நல்ல பாட்டில்கள் சில கீழே கல்லூரியில் இருந்தன. அவற்றையும் எடுத்துவர மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கினேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"போற வழியில ஏதாவது குளத்துச் சேத்த அள்ளிப் பாட்டில்ல போட்டுக் கொண்டு போய் ஊத்துங்கம்மா. யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாதுதான். அந்த யோசனை எனக்கும் பஸ்ஸிலேயே வந்திருந்தது. ஆனால் ஊர் முன்னால் கவுண்டர், டீச்சரம்மா பொய் சொல்லலை என்று சொன்னது காதில் நின்றது. தவிரவும், நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் நான் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம், அக்கா எங்கே இறங்குவார்?

"எம்.பில். வேண்டாமா உங்களுக்கு?" என்று அவர் கேட்டார்.

"வேணும் சார்" என்றேன். பாட்டில்களைத் துணிப்பையில் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் அழுதேன், வெட்கமாகத்தான் இருந்தது.

காரவள்ளி தாண்டி பஸ் ஏற ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. பாதிக் கொண்டை ஊசி வளைவுகளைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம், பஸ் நின்றது. மேலேயிருந்து பாறை உருண்டு ரோட்டை மறித்திருந்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, இன்னைக்கு ஆவாதுங்க, கீழ எறக்கி விட்டறோம் என்றார்.  இறங்கினால் இன்னும் ஒரு நாள் போய்விடும். அதற்குப் பிறகு ரோடு எப்போது திறக்குமோ தெரியாது. நான் அவரோடு சண்டை போட்டேன். இத்தனை ஆம்பளைங்க உக்காந்திருக்கீங்களே, ஒரு கல்லை நகர்த்த மாட்டீங்களா என்று சத்தம் போட்டேன். பையை ஸீட்டில் வைத்துவிட்டு நானே மழையில் இறங்கினேன். அந்த ரோஷத்துக்குத்தான் இறங்கினார்களோ என்னவோ, மரக்கிளையை நெம்புகோலாகக் கொடுத்து, ஒரு லாரி கிளீனரும் சேர்ந்துகொள்ள, பாறையை ஓரத்துக்குத் தள்ளினார்கள். மீதி வளைவுகள் முழுக்கப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தேன். ஊற்றப் போகிற சேறுதான், ஆனாலும் குலுங்கக்கூடாது என்று பட்டது.

மறுநாள் காலையில் ஊரே வரப்பில் நின்றது. நாற்றின் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. நான் முழங்கால் சேற்றில் இறங்கி ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்தேன். கொழுந்தனார் காலிப் பாட்டிலை வாங்கி வயல் தண்ணீரிலேயே அலசி, உள்ளே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்து வரப்பில் வைத்தார். இரண்டு வருட வேலை, கறுப்பாகக் கலங்கி, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. கடைசிப் பாட்டிலும் முடிந்ததும் அவர் நாற்றங்காலுக்குப் போய், முதல் நாற்று முடியைத் தானே சுமந்து வந்து வயலில் வீசினார். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் பாதி வயல் பச்சையாகிவிட்டது. அக்கா நடுவில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அது வலித்தது.

நாற்று எப்படியோ பிழைத்தது. களை எடுக்கிற சமயத்தில், ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் துணி துவைக்கப் போயிருந்தபோது அக்கா பள்ளி ஆய்வக வாசலில் வந்து நின்றார். வயலிலிருந்து நேராக வந்திருந்தார். கணுக்கால் வரைக்கும் ஈரச்சேறு.

"அன்னைக்கு ஆம்பளைங்கதான் பாத்தாங்க டீச்சர். ஊரே பாத்துட்டு வந்து ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எம் வயலுப் பூச்சிய நான் பாக்கவே இல்லை. எனக்கும் காட்டுங்க."

"என்கிட்ட ஒரு சொட்டுகூட இல்லையே அக்கா. எல்லாத்தையும் ஊத்தியாச்சு. இனிமே எடுக்கவும் கூடாது."

அவர் தலையைக் குனிந்து தன் காலையே பார்த்தார். நானும் பார்த்தேன். வயலுக்குப் போய்வருகிற எல்லோர் காலிலும்தான் சேறு ஒட்டிக்கொண்டு ஊருக்குள் வருகிறது. அதை எடுத்ததாக யாரும் சொல்வதில்லை.

"இது எடுத்ததுல சேராதுங்களே?" என்று மெதுவாகக் கேட்டார்.

கதவைச் சாத்தினேன். அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, கணுக்காலுக்குக் கீழே ஈரம் அதிகம் இருந்த இடத்தில் சொட்டுக் குழாயின் முனையால் கொஞ்சம் வழித்தேன். குடத்துத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடியில் விட்டு, காந்தத்தை வைத்தேன். காற்றுப் பட்ட சேறு, எதுவும் மிஞ்சியிருக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் கொஞ்சம் இருந்தன. நாலைந்து வடக்குக் கரைக்கும், ஒன்றிரண்டு தெற்குக் கரைக்கும் ஊர்ந்துகொண்டிருந்தன.

அக்கா கண்ணை வைத்தார். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் தடுமாறினார், நான் என் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன். வெளியே யாரோ நடந்து போகிற சத்தம் கேட்டதும் அவர் உடம்பு விறைத்தது. சத்தம் போன பிறகும் கண்ணை எடுக்கவில்லை.

"இத்துனூண்டா இருக்குதுங்க" என்றார். பிறகு, "இதுக்கா எங்கூட்டுப் பக்கம் ஒருத்தரும் வராம இருந்தாங்க" என்றார். அவர் குரலில் இருந்தது கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

நான் காந்தத்தைத் திருப்பிக் காட்டலாம் என்று கை வைத்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"கழுவீருங்க டீச்சர்."

"அக்கா, ஒரு சொட்டுதானே. யாரும்..."

"கழுவீருங்க."

அந்தக் கண்ணாடித் துண்டையும், சொட்டுக் குழாயையும், கரைத்த கிண்ணத்தையும் ஒரு எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் கழுவினேன். அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். துடைத்த துணியையும் அதே தண்ணீரில் அலசச் சொன்னார். ஜன்னல் வழியாக ஊற்றப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிய ஊத்தாதீங்க. குடுங்க, வயல்லயே ஊத்தீர்றேன்."

என் மேல் அவருக்குக் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் நின்றபோதுகூட நான் இவ்வளவு சிறுத்துப் போனதில்லை. டம்ளரை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டு, தளும்பிவிடாமல், கல் பார்த்துக் கல் பார்த்துக் கால் வைத்துப் பள்ளத்தில் இறங்கினார். மறுநாள் காலையில் பளிச்சென்று விளக்கிய டம்ளர் ஆய்வக ஜன்னலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.